‘மாமன்னர் நியமித்தார்’ என்றால் உண்மையில் யார் நியமித்தார்? மலேசிய மத்திய அரசாங்கத்தைப் படிக்க ஒரு வழிகாட்டி

மலேசியாவுக்குப் புதிதாக வந்து ஒரு வாரம் தமிழ்ச் செய்தி கேட்டவருக்கு ஒரு குழப்பம் கட்டாயம் வரும். மாமன்னர் அமைச்சர்களை நியமித்தார், மாமன்னர் நாடாளுமன்றத்தைக் கலைக்க ஒப்புதல் தந்தார், மாமன்னர் நீதிபதிக்கு நியமனக் கடிதம் வழங்கினார் என்று செய்தி போய்க்கொண்டே இருக்கும். எல்லாவற்றையும் மாமன்னரே செய்கிறார் என்றால் பிரதமருக்கு என்ன வேலை? 18 வயது நிரம்பி முதல் ஓட்டுப் போடப்போகும் இங்கத்துப் பிள்ளைகள் பலருக்கும் இதே சந்தேகம்தான். பள்ளியில் படித்திருப்பார்கள், பரீட்சையோடு மறந்திருப்பார்கள்.

தமிழ்நாட்டிலிருந்து வருகிறவர் இதை எளிதாக முடித்துவிடுவார்: “நம்ம ஊர் குடியரசுத் தலைவர் மாதிரி, கையெழுத்து மட்டும் போடுவார்.” முக்கால்வாசி சரி. ஆனால் மீதிக் கால்வாசிக்குள்தான் 2020-க்குப் பிறகான மலேசிய அரசியலின் பெரிய திருப்பங்கள் எல்லாம் நடந்தன. அந்தக் கால்வாசி எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்கப் பழகினால் போதும், பாதி அரசாங்கம் புரிந்துவிடும்.

முதலில்: மாமன்னர் யார், எப்படி வருகிறார்?

மலேசியாவில் 13 மாநிலங்கள். அவற்றில் ஒன்பதுக்குப் பரம்பரை ஆட்சியாளர்கள் உண்டு: ஜொகூர், கெடா, கிளந்தான், நெகிரி செம்பிலான், பகாங், பேராக், பெர்லிஸ், சிலாங்கூர், திரெங்கானு. ஏழு பேர் சுல்தான்கள். பெர்லிஸில் ராஜா, நெகிரி செம்பிலானில் யாங் டி-பெர்துவான் பெசார். பினாங்கு, மலாக்கா, சபா, சரவாக் ஆகிய நான்குக்கும் ஆளுநர்கள்.

இந்த ஒன்பது பேரும் ‘ஆட்சியாளர்கள் மன்றம்’ என்று கூடி, தங்களுக்குள் ஒருவரை ஐந்தாண்டுகளுக்கு மாமன்னராகத் தேர்ந்தெடுக்கிறார்கள். மலாயில் யாங் டி-பெர்துவான் அகோங், பேச்சில் ‘அகோங்’. ரகசிய வாக்கெடுப்பு, ஐந்து வாக்கு வேண்டும். ஆளுநர்களும் மன்றத்தில் உறுப்பினர்கள்தான், ஆனால் இந்தத் தேர்தலில் அவர்களுக்குப் பங்கில்லை. வாக்கெடுப்பு என்றாலும் யார் வருவார் என்பது பெரும்பாலும் முன்பே தெரியும். 1957-இல் நெகிரி செம்பிலானில் தொடங்கிய முதல் சுற்று 1994-இல் பேராக்கோடு முடிந்தது. அதற்குப் பிறகு அதே வரிசையில்தான் சுழல்கிறது. 2024 ஜனவரி 31 முதல் ஜொகூர் சுல்தான் இப்ராஹிம் 17-ஆவது மாமன்னர். கெடாவின் சுல்தான் அப்துல் ஹாலிம் 1970-இலும் 2011-இலுமாக இரண்டு முறை அந்த அரியணையில் அமர்ந்தார். நீண்ட காலம் ஆண்டவருக்கு முறை திரும்பி வந்துவிட்டது, அவ்வளவுதான்.

மாமன்னர் ஆனதும் சொந்த மாநில நிர்வாகத்தை ஓர் இடைக்கால அரசப் பிரதிநிதியிடம் விட்டுவிடுவார். ஆகவே ‘மாநில சுல்தான் சொன்னார்’ என்பதும் ‘மாமன்னர் சொன்னார்’ என்பதும் வெவ்வேறு செய்திகள். புதியவர்கள் முதலில் தடுக்குவது இங்கேதான்.

இரண்டாவது: ஒவ்வொரு செய்தியிலும் ‘யார் ஆலோசனைப்படி?’ என்று கேளுங்கள்

இந்தக் கட்டுரையில் ஒன்றே ஒன்றைத்தான் மனத்தில் வைத்துக்கொள்ள முடியும் என்றால், இதை வையுங்கள். கூட்டரசு அரசியலமைப்பின் 40-ஆவது பிரிவு, மாமன்னர் அமைச்சரவையின் ஆலோசனைப்படி செயல்பட வேண்டும் என்கிறது. அந்த ஆலோசனையை ஏற்று அதன்படியே நடக்க வேண்டும் என்ற வாசகம் 1994-இல் சேர்க்கப்பட்டது. இங்கே ‘ஆலோசனை’ என்ற சொல் கொஞ்சம் ஏமாற்றும். வீட்டில் மாமா சொல்கிற ஆலோசனையைக் கேட்கலாம், கேட்காமலும் விடலாம். பிரதமர் மாமன்னருக்குத் தரும் ஆலோசனை அப்படியல்ல. மரியாதைத் துணி போர்த்திய முடிவு அது.

அதனால் ‘மாமன்னர் அமைச்சர்களை நியமித்தார்’ என்று படித்தால், ‘பிரதமர் கொடுத்த பட்டியலை மாமன்னர் நியமித்தார்’ என்று மனத்துக்குள் மாற்றிப் படியுங்கள். நாடாளுமன்றக் கூட்டத்தொடரை மாமன்னர் தொடக்கி வைத்து ஆற்றும் அரச உரையும் அப்படித்தான். உரையில் இருப்பது அரசாங்கத்தின் திட்டம்.

சரி, எங்கே அவர் தம் சொந்த முடிவில் நடக்கலாம்? அதே 40-ஆவது பிரிவு மூன்று இடங்களைச் சொல்கிறது. ஒன்று, பிரதமரை நியமிப்பது. இரண்டு, நாடாளுமன்றத்தைக் கலைக்கச் சொல்லிப் பிரதமர் கேட்கும்போது மறுப்பது. மூன்று, ஆட்சியாளர்களின் சலுகை, அந்தஸ்து பற்றிப் பேச ஆட்சியாளர்கள் மன்றத்தைக் கூட்டச் சொல்வது. மூன்றாவதை நீங்கள் செய்தியில் பார்ப்பது அரிது. முதல் இரண்டும்தான் சாதம், குழம்பு.

இரண்டாவதில் ஒரு நுணுக்கம்: கலைக்கச் சொன்னால் மறுக்கலாமே தவிர, யாரும் கேட்காமல் அவராகவே கலைத்துவிட முடியாது.

மூன்றாவது: 112 என்ற எண்ணைப் பிடித்துக்கொள்ளுங்கள்

மக்களவையில் 222 இடங்கள். பாதிக்கு ஒன்று கூட, 112. பிரதமர் மக்களால் நேரடியாகத் தேர்ந்தெடுக்கப்படுவதில்லை. மக்களவை உறுப்பினர்களில், பெரும்பான்மையினரின் நம்பிக்கையைப் பெறக்கூடியவர் என்று மாமன்னரின் கணிப்பில் யார் தோன்றுகிறாரோ அவரைப் பிரதமராக நியமிக்க வேண்டும் என்கிறது 43-ஆவது பிரிவு. ‘அவருடைய கணிப்பில்’ என்ற அந்தச் சொல்தான் நான் மேலே சொன்ன கால்வாசி.

ஒரு கூட்டணி 130, 140 இடம் பிடித்துவிட்டால் கணிப்புக்கு வேலையே இல்லை. மறுநாளே பதவிப் பிரமாணம் நடக்கும். பல பத்தாண்டுகள் அப்படித்தான் ஓடின. அதனால் அரண்மனையின் பங்கு கண்ணுக்குத் தெரியவே இல்லை.

2020 பிப்ரவரி 24 அன்று அப்போதைய பிரதமர் துன் மகாதீர் பதவி விலகினார். யாருக்குப் பெரும்பான்மை என்று யாருக்கும் தெரியவில்லை. அப்போதைய மாமன்னர் பகாங் சுல்தான் அப்துல்லா, நாடாளுமன்ற உறுப்பினர்களை அரண்மனைக்கு வரவழைத்து ஒவ்வொருவராகக் கேட்டார். மார்ச் 1 அன்று முஹிடின் யாசின் பிரதமரானார். 2021 ஆகஸ்ட் 16 அன்று அவரும் விலக, இந்த முறை பெருந்தொற்றுக் காலம்; உறுப்பினர்கள் தாங்கள் யாரை ஆதரிக்கிறார்கள் என்பதை தொலைநகல், மின்னஞ்சல், வாட்ஸ்அப் ஏதாவதொன்றில் அரண்மனைக்கு அனுப்பச் சொன்னார்கள். ஒரு பிரதமரைத் தேர்ந்தெடுக்க வாட்ஸ்அப் உதவியது என்று சொன்னால் வெளியூர்க்காரர் சிரிப்பார், ஆனால் நடந்தது அதுதான். 114 பேர் இஸ்மாயில் சப்ரியின் பெயரைச் சொன்னார்கள். ஆகஸ்ட் 21 அன்று அவர் பதவியேற்றார். இந்த இரண்டு ஆட்சி மாற்றத்துக்கும் இடையில் பொதுத்தேர்தல் நடக்கவே இல்லை என்பதைக் கவனியுங்கள். தேர்தலில்லாமல் பிரதமர் மாறுவது சட்டவிரோதம் இல்லை. பிடிக்காமல் போகலாம், அது வேறு.

2022 நவம்பர் 19 பொதுத்தேர்தல் இன்னும் சிக்கல். பக்காத்தான் ஹராப்பானுக்கு 82, பெரிக்காத்தான் நேஷனலுக்கு 73, தேசிய முன்னணிக்கு 30. யாருக்கும் 112 இல்லை. முதல் இரண்டு கூட்டணிகளும் சேர்ந்து ஆளுங்கள் என்று மாமன்னர் சொல்லிப் பார்த்தார், பெரிக்காத்தான் மறுத்தது. பிறகு ஆட்சியாளர்களைக் கூட்டிக் கலந்து பேசினார். நவம்பர் 24 அன்று அன்வார் இப்ராஹிம் பத்தாவது பிரதமராகப் பதவியேற்றார். டிசம்பர் 19 அன்று மக்களவை கூடியதும் தம்மீதான நம்பிக்கைத் தீர்மானத்தை அவரே கொண்டுவந்து நிறைவேற்றிக்கொண்டார். பெயர் பெயராக எண்ணாமல் குரல் வாக்கெடுப்பில்தான் என்றாலும், அரண்மனை எண்ணிய பெரும்பான்மையை அவையில் ஒருமுறை உறுதிப்படுத்திக் காட்டியது நல்ல பழக்கம் என்பது என் அபிப்பிராயம். சட்டம் அதைக் கட்டாயப்படுத்தவில்லை. 2009 பேராக் மாநில நெருக்கடி வழக்கில், நம்பிக்கை இழந்ததை அவையின் வாக்கெடுப்பில்தான் காட்ட வேண்டும் என்பதில்லை என்று கூட்டரசு நீதிமன்றம் சொல்லிவிட்டது. யாரை ஆதரிக்கிறோம் என்று உறுப்பினர்கள் எழுதிக் கொடுக்கும், ‘எஸ்டி’ என்று இங்கே எல்லோரும் சொல்லும் சத்தியப் பிரமாணக் கடிதங்களுக்கு அவ்வளவு மவுசு வந்தது இதனால்தான்.

பெரும்பான்மை இழந்தால் பிரதமருக்கு இரண்டே வழி: அமைச்சரவையோடு விலகுவது, அல்லது நாடாளுமன்றத்தைக் கலைக்கச் சொல்லிக் கேட்பது. இரண்டாவதற்கு மாமன்னர் தலையசைக்க வேண்டும்.

கட்சி தாவினால் என்ன ஆகும்? 2022 அக்டோபர் 5 முதல் நடப்பில் உள்ள கட்சித் தாவல் தடைச் சட்டப்படி, ஒரு கட்சியின் பெயரில் வென்றவர் அந்தக் கட்சியை விட்டு விலகினால் அவருடைய இடம் காலியாகிவிடும். ஆனால் கட்சி அவரை நீக்கினால் காலியாகாது. ஒரு கட்சி முழுசாகக் கூட்டணி மாறினாலும் இந்தச் சட்டம் தொடாது. ‘இதுக்குத்தானா இவ்வளவு ஆர்ப்பாட்டம்?’ என்று தோன்றினால் உங்களுக்குச் சட்டம் சரியாகப் புரிந்துவிட்டது.

நான்காவது: அமைச்சரவை

இதைச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம். பிரதமர் மக்களவை உறுப்பினராக இருக்க வேண்டும். மற்ற அமைச்சர்கள் மக்களவை, மேலவை எதில் வேண்டுமானாலும் இருக்கலாம். தேர்தலில் நிற்காத ஒருவரை அமைச்சராக்க வேண்டுமா? முதலில் மேலவை உறுப்பினராக்கிவிடுவார்கள். 2020-இல் வங்கித் துறையிலிருந்து வந்த தெங்கு ஸஃப்ருல் அப்படித்தான் நிதியமைச்சரானார். மேலவைப் பதவி மூன்றாண்டு, அதிகபட்சம் இரண்டு தவணை. ஆக இந்தப் பின்வாசலுக்கு ஆறாண்டுதான் ஆயுள்.

அமைச்சர் மாறுவார், அமைச்சின் அதிகாரிகள் மாறுவதில்லை. ஒவ்வோர் அமைச்சுக்கும் ‘கேஎஸ்யூ’ எனப்படும் தலைமைச் செயலாளர் ஒருவர். எல்லோருக்கும் மேலே அரசாங்கத் தலைமைச் செயலாளர், ‘கேஎஸ்என்’. மத்திய அரசின் நிர்வாக நகரான புத்ராஜெயாவில் கோப்பு நகர்கிறதா இல்லையா என்பது இவர்கள் கையில்.

ஐந்தாவது: ஒரு மசோதாவின் பின்னாலேயே நடந்து பாருங்கள்

அமைச்சர் மசோதாவை மக்களவையில் தாக்கல் செய்வது முதல் வாசிப்பு. தலைப்பை மட்டும் படிப்பார்கள், விவாதம் கிடையாது. அன்றே ‘சட்டம் நிறைவேறியது’ என்று குடும்ப வாட்ஸ்அப்பில் யாராவது போட்டால் நம்பாதீர்கள். இரண்டாம் வாசிப்பில்தான் கொள்கை அளவிலான விவாதம். அடுத்தது குழுநிலை, பிரிவு பிரிவாகப் பார்ப்பார்கள். மூன்றாம் வாசிப்போடு மக்களவையில் முடிந்தது.

வாக்கெடுப்பு பெரும்பாலும் குரல் வழிதான். எந்தப் பக்கம் சத்தம் கூட என்று சபாநாயகர் சொல்வார். பெயர் பெயராக எண்ண வேண்டும் என்றால் குறைந்தது 15 உறுப்பினர்கள் எழுந்து நிற்க வேண்டும். உங்கள் தொகுதிப் பிரதிநிதி எப்படி வாக்களித்தார் என்று தேடி, ஒன்றும் கிடைக்காமல் போவதற்கு இதுவே காரணம். எண்ணிய நாள்கள் சுவாரசியமானவை: 2020 டிசம்பர் 15 அன்று 2021-ஆம் ஆண்டின் வரவு செலவுத் திட்டம் 111-க்கு 108 என்று கரையேறியது. பட்ஜெட் தோற்றால் அரசாங்கமே போய்விட்டது என்று பொருள், அதனால் அன்று பலருக்குக் கை நடுங்கியிருக்கும்.

பிறகு மேலவை. 70 பேர், 26 பேரை மாநிலச் சட்டமன்றங்கள் ஆளுக்கு இரண்டாக அனுப்புகின்றன, 44 பேர் நியமனம். ‘மாமன்னரால் நியமனம்’ என்று எழுதியிருக்கும். இரண்டாவது படியில் சொன்ன கேள்வியைக் கேட்டுக்கொள்ளுங்கள். சாதாரண மசோதாவை மேலவையால் தடுத்தே நிறுத்த முடியாது, தாமதப்படுத்தத்தான் முடியும்: பண மசோதாவை ஒரு மாதம், மற்றதை ஓராண்டு வரை. அரசியலமைப்பைத் திருத்துவதுதான் கடினம். பெரும்பாலான திருத்தங்களுக்கு இரு அவையிலும் மூன்றில் இரண்டு பங்கு வேண்டும். மக்களவையில் அது 148. ஆட்சியாளர்களின் நிலை, மலாய்க்காரர் மற்றும் சபா, சரவாக் பூர்வகுடிகளின் சிறப்பு நிலை, குடியுரிமை போன்றவற்றைத் தொட்டால் ஆட்சியாளர்கள் மன்றத்தின் சம்மதமும் தேவை. அந்த மன்றம் வெறும் அலங்காரம் இல்லை என்பது இங்கே தெரியும்.

இரு அவையும் தாண்டிய மசோதா மாமன்னரிடம் போகும். 30 நாளுக்குள் ஒப்புதல் தர வேண்டும். தராவிட்டாலும் தந்ததாகவே கருதி அது சட்டமாகிவிடும். 1983-இல் அரசாங்கத்துக்கும் ஆட்சியாளர்களுக்கும் நடந்த பெரிய இழுபறியில் தொடங்கிய மாற்றம் இது. 1994-இல் இன்றைய வடிவத்துக்கு வந்தது.

அப்புறம் அரசிதழில் வெளியாக வேண்டும். அதோடும் முடிவதில்லை, நடப்புக்கு வரும் தேதியைத் தனியாக அறிவிக்கலாம். வாக்களிக்கும் வயதை 21-லிருந்து 18-ஆகக் குறைத்த திருத்தம் 2019 ஜூலையில் நிறைவேறியது. நடப்புக்கு வந்தது 2021 டிசம்பர் 15 அன்று. இடையில் இளைஞர்கள் நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்தது. ஆகவே ஒரு சட்டம் உங்களைப் பாதிக்குமா என்று பார்க்கும்போது, நிறைவேறிய தேதியை விட்டுவிட்டு நடப்புக்கு வந்த தேதியைத் தேடுங்கள். அந்தத் திருத்தத்தோடு தானியங்கி வாக்காளர் பதிவும் வந்தது. உங்கள் பெயர் எந்தத் தொகுதியில் விழுந்திருக்கிறது என்று மட்டும் தேர்தல் ஆணையத்தின் இணையப் பக்கத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். அடையாள அட்டையில் உள்ள முகவரிப்படிதான் இருக்கும்.

இடையில் ஒரு சாம்பல் நிறப் பகுதி

அவசரகாலம். 150-ஆவது பிரிவுப்படி மாமன்னர் பிரகடனம் செய்கிறார். அமைச்சரவை கேட்டால் கொடுத்தே ஆக வேண்டுமா? 2020 அக்டோபரில் முஹிடின் அரசு கேட்டபோது, மற்ற ஆட்சியாளர்களோடு பேசிய பிறகு மாமன்னர் தேவையில்லை என்றார். 2021 ஜனவரி 12 அன்று பெருந்தொற்றைக் காரணம் காட்டி அறிவிக்கப்பட்ட அவசரகாலம் ஆகஸ்ட் 1 வரை நீடித்தது. மறுக்க உரிமை உண்டு என்பாரும் இல்லை என்பாரும் சட்டத்துறையில் இரு பக்கமும் இருக்கிறார்கள். எழுதிய சட்டம் ஒரு பக்கம், நடைமுறை ஒரு பக்கம் என்று இருக்கும் இடங்களும் உண்டு என்பதற்காக இதைச் சொன்னேன்.

ஆறாவது: நாள்காட்டியில் குறித்துக்கொள்ள வேண்டியவை

நாடாளுமன்றத்தின் ஆயுள், முதல் கூட்ட நாளிலிருந்து ஐந்தாண்டு. இப்போதைய நாடாளுமன்றம் 2022 டிசம்பர் 19 அன்று முதலில் கூடியது. யாரும் கலைக்காவிட்டால் 2027 டிசம்பரில் தானாகவே கலையும். கலைந்த 60 நாளுக்குள் தேர்தல். 2022-இல் அக்டோபர் 10 அன்று கலைத்து நவம்பர் 19 அன்று வாக்களித்தார்கள். மழைக்காலத்தில் தேர்தலா என்று ஊரே திட்டியது. கூட்டத்தொடர்களுக்கு இடையே ஆறு மாதத்துக்கு மேல் இடைவெளி விடக் கூடாது. பட்ஜெட் பெரும்பாலும் அக்டோபரில்.

கடைசியாக: எந்தக் கதவைத் தட்டுவது?

அரசாங்கம் எப்படி இயங்குகிறது என்பது உங்களுக்கு உண்மையிலேயே தேவைப்படுவது ஒரு வேலை ஆக வேண்டியிருக்கும்போதுதான். என் பக்கத்து வீட்டு அண்ணன் ஒருவர் வீட்டு முன்னால் சாக்கடை அடைத்துக்கொண்டதற்கு நாடாளுமன்ற உறுப்பினரின் சேவை மையத்துக்கு மூன்று தடவை போனார். மூன்றாவது தடவைதான் அங்கிருந்த பெண் தயங்கித் தயங்கி, “அண்ணே, இது நகராண்மைக் கழக வேலை” என்றாள்.

அரசியலமைப்பின் ஒன்பதாவது அட்டவணை வேலைகளைப் பிரித்து வைத்திருக்கிறது. பாதுகாப்பு, காவல்துறை, கல்வி, சுகாதாரம், குடிநுழைவு, குடியுரிமை, வருமான வரி ஆகியவை மத்திய அரசிடம். நிலம், காடு, இஸ்லாமிய சமய விவகாரம், ஊராட்சி மன்றங்கள் ஆகியவை மாநிலத்திடம். அதனால் தமிழ்ப்பள்ளிக்கு ஆசிரியர் போதவில்லை என்றால் கல்வி அமைச்சு. அதே பள்ளி நிற்கும் நிலத்துக்குப் பட்டா சிக்கல் என்றால் மாநில அரசும் நில அலுவலகமும். கோயில் நிலப் பிரச்சினையும் அப்படியே. நீங்கள் பிரதமருக்கே மனு எழுதினாலும் அது சுற்றிச் சுற்றி மாநிலத்துக்குத்தான் வந்து சேரும். சிவப்பு அடையாள அட்டை வைத்திருப்பவரின் (குடியுரிமை இல்லாத நிரந்தரவாசியின்) குடியுரிமை விண்ணப்பம் தேசியப் பதிவிலாகா வழியாக உள்துறை அமைச்சுக்குப் போகிறது. அதற்குச் சட்டமன்ற உறுப்பினரைப் பார்ப்பதைவிட நாடாளுமன்ற உறுப்பினரைப் பார்ப்பது பயன் தரும். இருவரையும் ‘ஒய்பி’ என்றுதான் கூப்பிடுவார்கள், அதனால் எந்த ஒய்பி என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

சாக்கடை, தெருவிளக்கு, குப்பை, கடை உரிமம் ஆகியவற்றுக்கு ஊராட்சி மன்றம். அங்கே இருக்கும் கவுன்சிலர்கள் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் அல்லர், மாநில அரசு நியமிப்பவர்கள். ஊராட்சித் தேர்தல் 1965-லிருந்தே நிறுத்திவைக்கப்பட்டு, பிறகு இல்லாமலே போய்விட்டது. கோலாலம்பூர்வாசி என்றால் கணக்கு வேறு: கூட்டரசுப் பிரதேசத்துக்குச் சட்டமன்றமே கிடையாது, மாநகர் மன்றம் மத்திய அரசின் கீழ் வருகிறது, ஆகவே அங்கே சாக்கடைக்கு நாடாளுமன்ற உறுப்பினரைத் தேடிப் போனால் தப்பில்லை. சபா, சரவாக்குக்குப் போகிறவர்கள், குடிநுழைவில் அந்த மாநிலங்களுக்குத் தனி அதிகாரம் உண்டு என்பதையும் நினைவில் வையுங்கள்; தீபகற்பத்தில் கிடைத்த வேலை அனுமதி அங்கே செல்லும் என்று நினைத்துப் பெட்டியைக் கட்டிவிடாதீர்கள்.

எங்கே போனாலும் மனுவின் நகலில் தேதியோடு முத்திரை குத்தி வாங்கிக்கொள்ளுங்கள். அண்ணன் முதல் இரண்டு தடவை அதைச் செய்யவில்லை.